பாதாளமும் பேரேடும்

பாதாளம் என்ற சொல்லுக்குத் தமிழில் நான்கு இடங்களில் உயிர் இருக்கிறது. வாமனன் காலால் அழுத்தி மகாபலியை அனுப்பிய புராண உலகம் ஒன்று. பணம் எதுவரை பாயும் என்று சொல்லும் பழமொழி ஒன்று. கிணற்றில் அறுந்து விழுந்த வாளியை எடுக்கத் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்த பாதாளக் கரண்டி ஒன்று. நகராட்சியின் டெண்டர் விளம்பரத்தில் வரும் பாதாள சாக்கடை ஒன்று.

கரண்டி, கீழே விழுந்ததை மேலே கொண்டுவரச் செய்த கருவி. சாக்கடை, கீழே விட்டது ஒருநாளும் மேலே வரக்கூடாது என்பதற்காகச் செய்த கருவி. இந்த இரண்டுக்கும் இடையில்தான் நான் விசாரிக்க நினைக்கும் பிரச்னை இருக்கிறது. ஒரு நகரம் தன் கழிவைப் பூமிக்குள் இறக்கி மறைக்கும்போது கூடவே எதை மறைக்கிறது? மறைத்ததை மறந்திருக்க அதற்கு உரிமை உண்டா?

என்ஜினியர்கள் பார்க்க வேண்டிய விஷயம் இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

நிலத்துக்கடியில் வழி செய்வது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில், ஊர்காண் காதையில், கோவலன் மதுரைக்குள் நுழைவது சுருங்கை வழியாக. அகழிக்குக் கீழே, யானைகள் கூட்டமாகப் போய்வரும் அளவுக்குப் பெரிய வழி அது. பரிபாடலில் அதே சொல் மதுரை மதிலிலிருந்து தண்ணீர் பாய்ந்து வெளியேறும் தூம்புக்கு வருகிறது. சுருங்கை என்பதே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் அறிஞர்கள். ஊசி போடும் சிரிஞ்சும் அதே வேரில் பிறந்ததுதான். தஞ்சாவூரில் நாயக்கர், மராத்தியர் காலத்தில் செவ்வப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து தெருக்களுக்கு அடியிலேயே அய்யன்குளத்துக்கும் போயிற்று. மண்மூடிக் கிடந்த அந்த வழியை ஸ்மார்ட் சிட்டி வேலையில் குளத்தைச் சீரமைத்தபோது மறுபடி கண்டெடுத்தார்கள்.

இந்த உதாரணங்களில் பூமிக்கடியில் போனது மதிப்புள்ள வஸ்து: யானை, மழைநீர், குடிநீர். ஊரின் மலம் அன்று மேலேயே இருந்தது; அதைச் சுமக்க மனிதர்கள் இருந்தார்கள். இன்று ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. நல்ல தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் ஏறி நிற்கிறது, மலம் கீழே போய்விட்டது. சுமந்த மனிதன் எங்கே போனான் என்பதுதான் கேள்வி.

2

நான் வேலை பார்க்கும் ஒரத்தநாடு ஒரு பேரூராட்சி. தெருவோரத்தில் திறந்த சாக்கடை, கொல்லையில் செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி. இங்கே தண்ணீர் என்றால் திறந்த தண்ணீர். 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் இன்றும் புதாறு என்றே சொல்கிறார்கள். அது தஞ்சாவூர் பெரிய கோயில் பக்கமாக வந்து, ஒரத்தநாட்டு வயல்களைத் தொட்டுக்கொண்டு பட்டுக்கோட்டைச் சீமைக்குப் போகிறது. வழியில் குறுக்கே வரும் காட்டாறுகளையும் வடிகால்களையும் சில இடங்களில் அதற்கு அடியில் சுரங்கமாக விட்டிருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் வெட்டவெளிதான்.

திறந்த வாய்க்காலுக்கென்று ஒரு தர்மம் உண்டு. தலைமடைக்காரன் ராத்திரியில் மடையைப் பெயர்த்தால் கடைமடைக்காரன் விடியும்போது மண்வெட்டியோடு கரைமேல் நடந்து வருவான். ஒருவன் வயலின் வடிகால் அடுத்தவன் வயலுக்குப் பாசனம். மேலே மருந்து அடித்தால் கீழே மீன் செத்து மிதக்கும். செய்த காரியமும் அதன் விளைவும் ஒரே வெளிச்சத்தில் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போகலாம். அதனால் எல்லோரும் யோக்கியர்களாக இருந்தார்கள் என்று பொருளில்லை. ஆனால் தகராறு செய்ய ஒரு கரை இருந்தது.

பூமிக்கடியில் போகும் வாய்க்காலுக்குக் கரை கிடையாது. நான் இழுத்துவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அது போய்ச் சேரும் இடத்தில் இருப்பவனுக்கு அதை விட்டவன் நான் என்று தெரியாது. தலைமடையும் கடைமடையும் ஒன்றையொன்று பார்க்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. அதன் சௌகரியமும் அதுவே, அதன் தார்மிகப் பிரச்னையும் அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நியாயமாக நடக்கும் என்று சொல்ல இந்த மண்ணுக்கு அருகதை கிடையாது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி, அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழவெண்மணியில், 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். அந்தக் கொலை சுரங்கத்துக்குள் நடக்கவில்லை. வாய்க்கால் தகராறில் கரைமேல் நடந்து வரும் கடைமடைக்காரனும் நிலம் உள்ளவன்தான். அவன் பண்ணையாள் அப்படி வந்து கேட்க முடியாது. ஆகவே மறைவு தீமை, வெளிச்சம் நன்மை என்று சுலபமாகப் பிரித்துவிட்டு நான் நகர முடியாது.

3

பழைய திறந்தவெளிக்காகப் புலம்புவதும் என் நோக்கமில்லை. திறந்த சாக்கடை என்றால் கொசு, காலரா, ஐப்பசி மழையில் வாசற்படி ஏறும் கறுப்புத் தண்ணீர். எடுப்புக் கக்கூஸ் என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, தகரச் சட்டி, விடிவதற்கு முன் தலையில் கூடையோடு ஒரு பெண். எடுப்பு என்ற சொல் இருக்கிறது, எடுப்பவள் அதில் இல்லை. மனிதத் தலை சுமந்ததை இனி தண்ணீரின் ஓட்டம் சுமக்கும் என்பதுதான் பாதாள சாக்கடை தந்த வாக்கு. நாகரிகம் தந்த வாக்குகளில் இதைவிட மேலானவை அதிகம் இல்லை. அதைக் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த வாக்கு எந்தக் காரணத்துக்காகத் தரப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறியது. பார்லிமெண்டின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. காலராவில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்தபோது அசையாத சட்டம், நாற்றம் சபைக்குள் நுழைந்ததும் சில வாரங்களில் நிறைவேறிவிட்டது. ஜோசப் பஸால்ஜெட் என்ற என்ஜினியர் நகரத்துக்கு அடியில் இன்றும் வேலை செய்யும் சாக்கடைச் சுரங்கங்களைக் கட்டினார். நாற்றமே நோய் என்பது அன்றைய நம்பிக்கை. காலரா தண்ணீரில் வருகிறது என்று 1854இல் ஜான் ஸ்நோ காட்டியதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தவறான காரணத்துக்காகச் சரியான காரியம் நடந்தது.

காரியம் நடந்துவிட்டதே, காரணம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். காரணம் காரியத்தின் எல்லையை நிர்ணயிக்கிறது. நாற்றத்தைப் போக்குவதுதான் நோக்கம் என்றால், நாற்றம் போனவுடன் வேலை முடிந்துவிடுகிறது. லண்டனில் அப்படித்தான் ஆயிற்று. கழிவைச் சுத்தம் செய்யாமல் நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் அதே ஆற்றில் விட்டார்கள். 1878 செப்டம்பர் 3ஆம் தேதி பிரின்ஸஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். சற்று முன்புதான் சாக்கடையை ஆற்றில் திறந்துவிட்டிருந்தார்கள்; அவர்கள் மூழ்கியது அந்தத் தண்ணீரில். நகரத்துக்குத் தன் கடைமடை கண்ணில்பட ஒரு கப்பல் மூழ்க வேண்டியிருந்தது. கதை அதோடும் முடியவில்லை. லண்டனில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. மழை வலுத்தால் இரண்டும் சேர்ந்து ஆற்றில் வழியும். அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளமும் 7.2 மீட்டர் விட்டமும் உள்ள இன்னொரு சுரங்கம் தோண்டி, 2025 பிப்ரவரியில்தான் முழுவதுமாக இணைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மறைத்து வைத்ததற்கு இன்று கட்டிய வட்டி என்று என் தொழில் பாஷையில் சொல்லலாம்.

4

லண்டனின் கடைமடை ஆறு. நம் நாட்டில் அதற்கு முன்னால் இன்னொரு கடைமடை இருக்கிறது, குழாய்க்குள்ளேயே.

சாக்கடைக் குழாய்க்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஓட்டம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டருக்குக் குறைந்தால் மணலும் கசடும் படியத் தொடங்கும். அந்த வேகம் வேண்டுமானால் குழாய்க்குச் சரிவு வேண்டும். எங்கள் டெல்டாவோ தட்டை பூமி. ஆகவே குழாயைப் போகப்போக ஆழமாக இறக்கி, பிறகு நீரேற்று நிலையத்தில் மேலே தூக்கி, மறுபடி சரியவிட வேண்டும். மோட்டார் நின்றால் அடைக்கும். மழைத்தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு புகுந்தால் அடைக்கும். துணியும் பிளாஸ்டிக்கும் விழுந்தால் அடைக்கும். அடைப்பே வராத சாக்கடை வரைபடத்தில்தான் உண்டு. அப்படியானால் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வி திட்டம் போடும் அன்றே இருக்கிறது. நம் நகரங்கள் அதற்கு எழுத்தில் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, பதில் ஏற்கெனவே சேரியில் குடியிருந்தது. இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தலித்துகள், தமிழ்நாட்டில் அதிகமாக அருந்ததியர். வாய்க்காலின் கடைமடை நிலத்தின் அமைப்பால் வருவது. சாக்கடையின் கடைமடை பிறப்பால் வந்தது.

உள்ளே தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு வரும். அழுகிய முட்டையின் நாற்றம் அதற்கு. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குழாயின் மேற்கூரையில் அமிலமாக மாறி கான்கிரீட்டையே அரிக்கும். ஆனால் அதன் மிகக் கொடிய குணம் வேறு. குறைவாக இருக்கும்போதுதான் அது நாறும். அளவு கூடினால் மோப்ப சக்தியே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே இருப்பவன் நினைக்கும் நேரம்தான் அவன் சாகும் நேரம். மேலே இருக்கும் நகரத்துக்கும் இதுவே விதி என்று எனக்குப் படுகிறது. எந்தத் தெருவில் சாக்கடை நாறவில்லையோ அந்தத் தெரு அதைப் பற்றி யோசிப்பதில்லை.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில், குழிக்குள் மயங்கி விழுந்த இரண்டு தொழிலாளிகளைக் காப்பாற்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறங்கினார். மூன்று பேரும் இறந்தார்கள். இது அபூர்வமான சம்பவம் இல்லை. ஒருவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி இரண்டு சாவு, மூன்று சாவு என்று செய்தி வருவதை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளிவந்த ‘லே மிஸராப்ள்’ நாவலில் கதையை நிறுத்திவிட்டு பாரிஸ் சாக்கடையின் சரித்திரத்தை அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார். எருவாக வேண்டியதை ஆற்றில் விட்டு பாரிஸ் வருஷத்துக்கு இரண்டரைக் கோடி பிராங்க்கைக் கொட்டுகிறது என்று கணக்கும் போட்டார். அவருடைய கதாநாயகன் காயம்பட்ட இளைஞனைத் தோளில் சுமந்துகொண்டு அந்தச் சாக்கடை வழியே நடந்து மேலே வந்துவிடுகிறான். கோழிக்கோட்டுக்காரர் வரவில்லை. கருணைக்கு மூச்சுக் கருவி கிடையாது. கருணை மட்டும் இறங்கினால் கீழே சாவின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது.

5

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒரு சட்டம் எடுப்புக் கக்கூஸைத் தடை செய்தது. 2013இல் வந்த சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அது 30 லட்சம் ஆயிற்று. 1993 முதலான அரசாங்கக் கணக்கில் இத்தகைய சாவுகள் அதிகம் பதிவான மாநிலம் தமிழ்நாடு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் என் கவுண்ட்டருக்கு வந்தார். வயது முப்பதுகூட இருக்காது. 10 லட்சத்துக்கு ஃபிக்சட் டெபாசிட் போட வேண்டும். பெரிய தொகை என்றால் எதில் வந்த பணம் என்று கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. கேட்டேன்.

“அவுங்க குழியில எறங்குனதுக்கு வந்ததுங்க சார்” என்றார்.

படிவத்தில் சம்பளம், வியாபாரம், விவசாயம், சொத்து விற்பனை என்று கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டம் ‘இதர’. அதில் டிக் செய்து கையெழுத்து வாங்கினேன். நாமினி யார் என்று கேட்டதற்கு ஐந்து வயதுப் பையனின் பெயரைச் சொன்னார். மைனர் என்றால் கார்டியன் வேண்டும் என்றேன். “நான்தான் இருக்கேன்ல சார்” என்றார். டெபாசிட்தாரர் இறந்த பிறகுதான் நாமினிக்குப் பணம் போகும், அப்போது வாங்க இன்னொருவர் வேண்டும் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

இதை எழுதக் காரணம் இரக்கத்தைக் கிளப்புவதல்ல. அந்த ‘இதர’ என்ற கட்டத்துக்காக. ஒரு மரணம் எந்தத் தலைப்பில் பதியப்படுகிறது என்பது தார்மிகமான கேள்வி.

6

இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். நவீன இலக்கியத்தின் மிகப் பிரியமான திசை கீழ்நோக்கியது. 1864இல் தாஸ்தாயெவ்ஸ்கி நிலவறையிலிருந்து பேசும் ஒரு மனிதனைப் படைத்த நாளிலிருந்து, ஆழம், இருட்டு, அடிமனம், சுரங்கம் என்ற சொற்கள் நமக்கு மரியாதைக்குரியவை ஆகிவிட்டன. 1922இல் எலியட், லண்டனில் வங்கி குமாஸ்தாவாக இருந்துகொண்டே, ‘பாழ்நிலம்’ வெளியிட்டார். அதில் தேம்ஸின் அழுக்கு வருகிறது. ஆனால் அந்த அழுக்கு ஒரு நாகரிகத்தின் ஆன்மிக நோய்க்கு அடையாளம். பஸால்ஜெட்டின் சுரங்கங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தவன் அந்தக் கவிதையில் இல்லை. நம் கவிதைகளிலும் சாக்கடை வரும். வந்தவுடன் அது சமூகமாகவோ மனமாகவோ மாறிவிடும். ஸ்தூலமான சாக்கடையாக இரண்டு வரி நீடிப்பதற்குள் உருவகம் அதை விழுங்கிவிடுகிறது. இதுவும் ஒருவகைப் பாதாள சாக்கடைதான்.

விதிவிலக்குகள் உண்டு. தகழியின் நாவலை ‘தோட்டியின் மகன்’ என்று சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். ஆலப்புழைத் தோட்டிகளின் மூன்று தலைமுறை அதில் இருக்கிறது. மலத்தின் எடை இருக்கிறது, அதை அள்ளியதற்கான கூலியின் கணக்கும் இருக்கிறது. பெருமாள்முருகன் ஒரு சிறுகதைத் தொகுதிக்கு ‘பீக்கதைகள்’ என்றே பெயர் வைத்தார். 2017இல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இவை மலத்தை மலம் என்றே சொல்கின்றன. விமர்சனம் இவற்றின் ‘துணிச்சலை’ப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. துணிச்சலைவிட முக்கியம் அவற்றின் துல்லியம் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் நம்முடைய அறவுணர்ச்சி பெரும்பாலும் கண்ணையும் காதையும் நம்பியது. வள்ளலாரின் இரக்கம் பார்வையில் தொடங்குகிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் மணி கட்டினான் என்பது இந்த மண்ணின் கதை. கன்றை இழந்த பசு வந்து மணியை இழுத்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அந்த நீதியின் பயங்கரமான பெருமையைப் பற்றிப் பேசும் நாம் அதன் நிபந்தனைகளைக் கவனிப்பதில்லை. பசு வாசல்வரை நடந்து வர முடிந்தது. மணியின் கயிறு அதற்கு எட்டியது. சத்தம் அரசன் காதில் விழுந்தது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மனுநீதி கிடையாது. குழிக்குள் இருப்பவனுக்கு மூன்றுமே இல்லை. பார்த்தும் கேட்டும் பிறக்கிற அறம் பாதாளத்தில் செல்லாது.

7

பார்க்காமலே பொறுப்பேற்கும் அறம் ஒன்று இருக்க முடியுமா? முடியும் என்று நினைக்கிறேன். கவர்ச்சியில்லாத இடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் கணக்கு.

எங்கள் கிளையில் டெபாசிட் போட்டிருப்பவர்களில் பாதிப் பேரை நான் பார்த்ததில்லை. அவர்கள்மேல் எனக்கு அன்பும் கிடையாது, விரோதமும் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் ஒரு ரூபாய் இடித்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இன்று கம்ப்யூட்டர் கூட்டிக் கழிக்கிறது. பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். அது தற்காலிக இடம். அங்கே கிடக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ஆடிட்டர் வந்து கேள்வி கேட்பார், உரிய கணக்குக்குப் போகும்வரை விடமாட்டார். யாரும் அந்தத் தொகைக்காக உருகுவதில்லை. உருகாமலே அது மறக்கப்படாமல் இருக்கிறது. ஒரு நகரம் கீழே அனுப்புவதெல்லாம் இப்படித் தற்காலிகமாக நிறுத்தி வைத்த கணக்குத்தான். நாம் அதைத் தீர்த்துவிட்ட கணக்காக நினைத்துக்கொள்கிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கணக்கும் பொய் சொல்லும். 2021இல் பார்லிமெண்டில், மலம் அள்ளும் தொழிலால் கடந்த ஐந்து வருஷங்களில் ஒருவரும் இறக்கவில்லை என்று அரசு பதில் சொன்னது. சாக்கடையில் இறந்தவர்கள் ‘அபாயகரமான முறையில் சாக்கடை சுத்தம் செய்தல்’ என்ற வேறு தலைப்பில் இருந்தார்கள். எண் சரி, தலைப்பு வேறு. 2020 நவம்பரில் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தபோது, இனி மேன்ஹோல் என்று சொல்லக்கூடாது, மெஷின் ஹோல் என்று சொல்ல வேண்டும் என்றது. தோட்டி துப்புரவுத் தொழிலாளி ஆனான், பிறகு தூய்மைப் பணியாளர் ஆனார். மரியாதை விகுதி வந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் மேன்ஹோல் என்ற பழைய சொல்லில் ஓர் உண்மையாவது இருந்தது: அது ஆள் இறங்குவதற்கென்று விட்ட ஓட்டை என்று ஒப்புக்கொண்டது. இயந்திரம் வராத ஊரில் மெஷின் ஹோல் என்று எழுதினால், இறங்குகிறவன் அகராதியிலிருந்தும் மறைந்துவிடுகிறான். சொல்லைக் கவனிப்பதுதான் விமர்சகன் வேலை என்றால், இந்தச் சொற்களையும் அவன் கவனிக்க வேண்டும்.

இயந்திரம் வராமலும் இல்லை. கேரளத்து இளைஞர்கள் செய்த பேண்டிகூட் என்ற ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் வேலையைத் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கும்பகோணத்துக்கும் வந்தது. செய்ய முடியாத காரியம் என்ற சாக்கு அன்றோடு போயிற்று. இனி ஒருவன் இறங்கினால், இறக்கியதற்கு ஒரு முடிவும் அந்த முடிவுக்கு ஒரு கையெழுத்தும் எங்கோ இருக்கிறது. அல்லது கையெழுத்து இல்லாமலே இறங்கச் சொல்லும் ஒரு வாய் இருக்கிறது. காண்ட்ராக்டரின் வாய், வீட்டுக்காரரின் வாய்.

ஆகவே கணக்கு பொய் சொல்லும் என்ற மறுப்புக்கு என் பதில், கணக்கைக் கைவிட்டு இரக்கத்துக்குத் திரும்புவதல்ல. தலைப்பை எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதுதான். வங்கியில் எழுதுகிறவனும் சரிபார்க்கிறவனும் ஒருவனாக இருக்கக்கூடாது என்பது பால பாடம். சாக்கடையின் கணக்கை இன்று எழுதுவதும் சரிபார்ப்பதும் தலைமடைதான். கடைமடைக்காரன் அதில் ஒரு பதிவாக மட்டுமே வருகிறான், அதுவும் செத்த பிறகு.

ஒரத்தநாட்டுக்கும் ஒருநாள் பாதாள சாக்கடை வரும். வர வேண்டும். கடைத்தெருவைத் தோண்டிப் போடுவார்கள், சில வருஷம் புழுதி பறக்கும், ஜனங்கள் திட்டுவார்கள். இணைப்புக்கு எவ்வளவு டெபாசிட் என்று எல்லோரும் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. கூடவே கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. மூடியைத் திறக்கப் போவது யார்? உள்ளே காற்றைச் சோதித்தவர் யார்? இயந்திரம் எந்த ஊரில் நிற்கும், வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்? ஒவ்வொரு முறை திறந்ததையும் எந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள்? அந்தப் புத்தகத்தைக் குழிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கேட்டு வாங்கிப் பார்க்க முடியுமா, இறங்க மாட்டேன் என்று அதில் அவனே எழுதி, மறுநாளும் வேலையில் இருக்க முடியுமா?

மறந்திருக்க நமக்கு உரிமை உண்டா என்று முதலில் கேட்டேன். தனி மனிதனுக்கு உண்டு என்றே நினைக்கிறேன். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சாக்கடையை நினைத்துக்கொண்டு யாரும் வாழ முடியாது. அப்படி வாழச் சொல்வது போலித்தனம். ஆனால் நான் மறந்திருக்கும் நேரத்தில் என் சார்பில் நினைவு வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்று இல்லையென்றால், என் மறதி இன்னொருவன் உயிரில் எடுத்த கடன். கடைமடைக்காரன் நடந்து வரக் கரையில்லாத வாய்க்காலை வெட்டுகிறோம் என்றால், அவன் வந்து கேட்பதற்கு ஒரு கரையையும் சேர்த்துப் போட வேண்டும். பூமிக்கடியில் போடக்கூடிய கரை, அவனும் படிக்கவும் எழுதவும் கூடிய ஒரு பேரேடுதான்.